ஆய்வுக்குப் பின்னால் இருக்கும் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் பற்றிய செய்திகளில் ‘குடியேற்ற ஆய்வு மையம்’ கூறுவதை எடுத்துக்காட்டும் நாளிதழ்கள், அந்த மையம் எப்படி உருவானது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மிச்சிகன் மாநிலக் கண் மருத்துவர் ஜான் டான்டன், குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1979இல் ‘ஃபேர்’ அமைப்பைத் தொடங்கினார். 1985இல் இந்த ஆய்வு மையம் உருவானதிலும் அவர் பங்கு உண்டு. கார்டிலியா ஸ்கைஃப் மே என்ற பெரும் செல்வந்தர் நிறுவிய கால்கம் அறக்கட்டளை இவ்விரண்டுக்கும் நிதி அளித்து வந்துள்ளது. ஒரே ஊற்றிலிருந்து வரும் குரல்கள் தனித்தனி ஆய்வு முடிவுகளாக நாடாளுமன்றக் குழுக்களின் முன் வைக்கப்படுவது எனக்குப் பெரும் கவலை தருகிறது. எதிர்த்தரப்பிலும் இதே கேள்வி எழ வேண்டும். குடியேற்றத்தை ஆதரிக்கும் ‘எஃப்டபிள்யூடி டாட் யுஎஸ்’ அமைப்பு 2013இல் மார்க் சக்கர்பர்க் முதலான தொழில்நுட்ப முதலாளிகளால் தொடங்கப்பட்டது.

இது நகரி, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைதூரச் செய்தியன்று. வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டில் (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எந்த நாட்டுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால் பல ஆண்டுகள் தற்காலிக விசாவிலேயே காத்திருந்து, வீட்டில் பெரியவர் இறந்தாலும் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக விசா முத்திரை கிடைக்குமா என்று அஞ்சி, கைப்பேசியிலேயே இறுதிச் சடங்கைப் பார்க்கும் பிள்ளைகள் இங்கு உண்டு.

அமெரிக்காவில் அறக்கட்டளைகள் யாருக்கு நிதி அளித்தன என்பது அவற்றின் வருமான வரிப் படிவங்களிலேயே பொதுப் பார்வைக்குக் கிடைக்கிறது. எனவே, இத்தகைய ஆய்வுகளை வெளியிடும்போது நிதி அளித்தவர் பெயரையும் ஒரு வரியில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நகரி, ஆந்திரப் பிரதேசம்