காதுக்கருவி கொடுத்தவர்கள் மறுபடியும் வீட்டுக்கு வர வேண்டும்

பாலக்காடு மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்களுக்கும், சித்தூர் தாலுகாவின் ஊராட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருப்பதால், கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலிருந்து இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். மறதிநோயோடு வாழும் முதியவர்களின் காதைப் பற்றியது இது.

என் அம்மாவுக்கு 78 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் அவருடைய நினைவாற்றலைச் சோதித்தவர், முகக்கவசத்தைக் கழற்றாமலே, "இன்னு ஏது திவசமாணு?" என்று மலையாளத்தில் கேட்டார். கிழமையைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவின் காதில் விழுந்தது "திவசம்" என்ற ஒரு சொல் மட்டுமே. என் பக்கம் திரும்பி, "உங்கப்பாவுக்குத் தை மாசந்தானே?" என்றார். கணவரின் திதியை மறக்காத அந்தப் பதிலுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அவருக்கு மறதிநோய் இருப்பது உண்மைதான். பின்னர் தமிழ் தெரிந்த வேறொரு மருத்துவரும் அதை உறுதி செய்தார். ஆனால் அன்று அளந்ததில் மறதி எவ்வளவு, காது எவ்வளவு, மொழி எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நினைவுச் சோதனைக்கு முன் காதுக்குள் விளக்கடித்து அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், கேள்வியைத் தமிழில் கேட்பதற்கும் அதிக நேரம் ஆகாது.

செவித்திறன் இழப்பு மறதிநோய்க்கான ஆபத்தைக் கூட்டும், தவிர்க்கத்தக்க 14 காரணிகளுள் ஒன்று என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கூறியது. நோய் வந்துவிட்டவருக்குக் கருவி மருந்தாகாது என்பதை நான் அறிவேன். ஆனால் தன் வீட்டில் பேசுவது தன் காதில் விழுவது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு முகாமில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி கிடைத்தது. பொருத்தியவர் பத்து நிமிடம் விளக்கினார். அதன்பின் யாரும் வரவில்லை. வீட்டில் மிக்சியும் குக்கர் விசிலும் ஒரே சமயத்தில் காதுக்குள் பாய்ந்ததும் அம்மா மிரண்டு அதைப் பிடுங்கிவிட்டார். முதல் வாரங்களில் அமைதியான நேரம் பார்த்து அரைமணி, ஒருமணி என்று பழக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் கருவியைக் காணோம். அது அவருடைய சுருக்குப்பையில் பாக்கோடு கிடந்தது. காதுக்குள் செல்லும் அச்சில் சுண்ணாம்பு அப்பியிருந்தது, அதன் துளையைக் குறும்பி முழுக்க அடைத்திருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் முடிவு செய்தோம். அச்சைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, உலர்த்தி, பேட்டரியை மாற்றி மாட்டியபோது வெளியே ஆட்டுக்குட்டி கத்தியது. அம்மா சட்டென்று திரும்பி, "அதுக்குத் தண்ணி காட்டலையா?" என்று கேட்டார். கெட்டதாக நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த கருவிக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

மறதிநோய் உள்ளவர் "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று சொல்லமாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். நாமும் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு இயங்கத் தொடங்கும் அந்தச் சிறு பேட்டரி ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் நிற்காது. பழையதை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அதை யார் மாற்றுவது, எங்கே வைப்பது, கருவியை மேல்சட்டையோடு சேர்த்து எப்படிக் கயிற்றில் கோப்பது என்பதையெல்லாம் வீட்டுக்கே வந்து ஒருவர் காட்டித் தர வேண்டும்.

அப்படி வரக்கூடியவர்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2008இல் வலி நிவாரண, தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை வகுத்த மாநிலம் இது. ஊராட்சியின் பாலியேட்டிவ் நர்ஸ் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வீடு வீடாக வருகிறார். அவருடைய பையில் ஒரு அட்டை பேட்டரியும், துளையைத் துடைக்கும் சிறு தூரிகையும் இருக்கட்டும். இரத்த அழுத்தத்தைக் குறிக்கும் ஏட்டிலேயே "கருவி காதில் இருந்ததா, வேலை செய்ததா" என்று ஒரு வரி சேரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒருவரைச் செவித்திறன் குறைந்தவராக ஏற்கிறது. 50 டெசிபல் இழந்த முதியவருக்குச் சான்றிதழ் இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசுவதும் சரியாகக் கேட்பதில்லை. மறதிநோயும் சேர்ந்திருக்கும் இவர்களுக்காவது ஊராட்சித் திட்ட நிதியிலிருந்து கருவி வழங்க வழி செய்யுங்கள்.

நர்ஸ்மாருக்கு இதற்காக ஒருநாள் பயிற்சி வைத்தால், அம்மாவின் கருவியையே கொண்டுவந்து கழற்றி, கழுவி, மாட்டிக் காட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து ஒரு மகள்