2024ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை: படகு வகுப்பு குறித்த விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இயங்கும் நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

பொங்கல் வழக்கம்போல் மண்டபத்து முன்வாசலில் நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கான கூடுதல் வகுப்பு தேர்வு வரை தொடர்ந்தது. கோத்தோங் ரோயோங் (கூட்டுப் பொதுப்பணி) இரண்டு, இரத்த தான முகாம் ஒன்று. தீபாவளிக்கு முன் வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தோம். மரண சகாய நிதியிலிருந்து உரியவர்களுக்கு உரிய தொகை போய்ச் சேர்ந்தது. செயலவை ஆறு முறை கூடியது. ஆறுக்கும் வந்தவர்கள் யார் என்பதை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி படகு வகுப்பு, அதாவது 12 அடி மரப்படகு ஒன்றைக் கட்டியே இளையோருக்குத் தச்சு கற்றுத்தரும் வகுப்பு. இதைப் பற்றி மண்டபத்தில் கேட்டதைவிட வாட்சாப் குழுவில் கேட்டதே அதிகம். ஆகவே பதிலை இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானம் "இளையோருக்குத் தச்சுத் தொழிற்பயிற்சி" என்றுதான் சொல்கிறது. அதில் படகு என்ற சொல் இல்லை என்கிறார்கள். உண்மைதான். மேசை, நாற்காலி என்ற சொற்களும் அதில் இல்லை. மூலைமட்டம் வைத்துச் செய்கிற வேலையை எந்தப் பட்டறையிலும் கற்கலாம். படகில் மூலைமட்டம் உட்காரும் இடமே அரிது. ஒவ்வொரு பலகையும் ஒரே நேரத்தில் வளையவும் முறுகவும் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த பையனுக்கு அலமாரி செய்யத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. லுமுட் கப்பல் பட்டறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் சம்பளமின்றிச் சொல்லித்தர முன்வந்ததும் ஒரு காரணம். பெர்ணம் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. 

"நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே கப்பல் ரஜூலாதானே, அதிலும் நாம் டெக் பயணிகள்தானே" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். சென்னைக்கும் மலாயாவுக்கும் ஓடிய பயணிகள் கப்பலைத்தான் சொல்கிறார். ஐயாவுக்குப் பணிவான பதில்: யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவிகள் (கப்பல் தச்சர்கள்) கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. நாம் கட்டுவது 12 அடிப் படகு. ஆற்றைத் தாண்டி அக்கரைச் சிலாங்கூர் போனால் போதும்.

பெரிய குறை என்னவென்றால், வகுப்பு தொடங்கி மூன்று மாதமாகியும் ஒரு பலகைகூட அறுபடவில்லை, தரையில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது. அந்தக் கோடுதான் வகுப்பே. லாஃப்டிங் என்னும் இந்த வேலையில் படகின் வடிவத்தை முழு அளவில் தரையில் வரைந்து, அதிலிருந்தே ஒவ்வொரு உறுப்பின் அளவையும் எடுக்கிறோம். காகிதத்தில் உள்ள வரைபடம் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. அதில் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பென்சில் கோடு, முழு அளவில் 3 மில்லிமீட்டர். கோட்டின் எந்த ஓரம் சரி என்று காகிதத்தைக் கேட்டால் அது பதில் சொல்லாது. காகிதம் நம் ஊர் ஈரத்தில் நீளவும் செய்யும்.

8க்கு 4 அடி, 9 மி.மீ. பிளைவுட் நான்கைச் சேர்த்து 16க்கு 8 அடித் தரை அமைத்தோம். பளபளப்பில்லாத வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு. பளபளத்தால் பென்சில் வழுக்கும், விளக்கு கண்ணில் அடிக்கும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் பிசகினால் கட்டத்தின் செங்கோணம் போய்விட்டது என்று பொருள். பூப்பந்து ஆடுவோருக்காகவும் கல்யாணங்களுக்காகவும் இந்தத் தரையை ஒவ்வொரு வாரமும் போல்ட் கழற்றிச் சுவரில் சாய்த்து, மறுவாரம் பூட்டி, மூலை அளவை மறுபடி சரிபார்த்தோம். மூன்று மாதம் ஏன் ஆனது என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அடிக்கோட்டைத் தங்கூசி (நைலான் தூண்டில்) நரம்பை இழுத்துக் கட்டித்தான் போட வேண்டும். சுண்ணாம்புக் கயிறு தடிமனான கோடு விடும். அடிக்கோட்டை ஒட்டி ஒரு சட்டத்தை ஆணியால் நிறுத்தி, அளவுக்குச்சியை அதில் முட்டவைத்தே உயரங்களைக் குறிக்க வேண்டும். டேப்பின் கொக்கி ஆடும். ஆளுக்கொரு அளவு வரும். ஒவ்வொரு புள்ளியும் எங்கே வரும் என்று சொல்லும் அளவுப் பட்டியல் அடி, அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும். 1-3-5 என்றால் 1 அடி 3 அங்குலம் 5/8. மில்லிமீட்டரில் வளர்ந்த பிள்ளைகள் அதை 1-5-3 என்று படித்தால் வித்தியாசம் 44 மி.மீ. அதனால் ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் குறிக்க, மூன்றாமவர் பட்டியலைத் தனியே பார்த்துச் சரி சொல்வது என்று வைத்தோம்.

புள்ளிகளை இணைக்க வளைசட்டம் வேண்டும். முடிச்சில்லாத, இழை நேராக ஓடுகிற மரம். நீளக் கோடுகளுக்கு 20க்கு 12 மி.மீ.; குறுக்குவெட்டுக்கு 6 மி.மீ. சதுரம். சட்டம் படகைவிட இரு பக்கமும் இரண்டடி நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முனைகளில் வளைவு செத்து நேராகிவிடும். ஒட்டுப்போட்ட சட்டமானால் ஒட்டு இருக்கும் இடம் விறைப்பாக நிற்கும். அதை வளைவு குறைந்த பகுதியில் வைக்க வேண்டும். ஆணியைச் சட்டத்துக்குள் அடிக்கக் கூடாது, இரு பக்கமும் அணைத்து அடிக்க வேண்டும். பிறகு தரையோடு தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்க்க வேண்டும். எங்கே புடைக்கிறதோ அந்த ஆணியைப் பிடுங்கினால் சட்டம் தானாக ஓர் இடத்துக்கு நகரும். நகர்ந்தது கால் அங்குலத்துக்குள் என்றால் சட்டம் சொல்வதே சரி. அதற்கு மேல் என்றால் யாரோ பட்டியலைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள்.

ஒரு புள்ளியைப் பக்கவாட்டுப் படத்தில் நகர்த்தினால், மேலிருந்து பார்க்கும் படத்திலும் குறுக்குவெட்டிலும் அதே புள்ளி நகர்ந்தாக வேண்டும். மூன்றும் ஒத்துப்போகும் வரை விடுதலை இல்லை. படகின் அடிவயிறு திரும்பும் இடத்தில் நீர்மட்டக் கோடுகள் உடலை மிகச் சாய்வாக வெட்டுவதால் அங்கே அவற்றை நம்ப முடியாது. ஏறக்குறைய செங்குத்தாக வெட்டும் சாய்கோடுகள்தான் அங்கே சரியான சாட்சி. பலர் இந்தக் கட்டத்தில்தான் வருவதை நிறுத்தினார்கள்.

அச்சு, அதாவது பலகைகளுக்கு வடிவம் கொடுக்க உள்ளே நிறுத்தும் குறுக்குவெட்டுச் சட்டம், வெட்டும் முன் பலகையின் தடிமனைக் கழிக்க வேண்டும். வரைபடம் வெளித்தோலைக் காட்டுகிறது, அச்சு உள்ளே நிற்கிறது. நம் பலகை 9 மி.மீ.; கழிக்காமல் விட்டால் படகின் அகலம் 18 மி.மீ. கூடிவிடும். எல்லா இடத்திலும் 9 கழிப்பதும் தவறு. அணியத்து (முன்முனை) பக்கம் பலகை 30 பாகை சாய்ந்து வருகிற இடத்தில் 10.4 மி.மீ. கழிய வேண்டும். பின்பலகையும் அப்படியே: 15 பாகை சாய்ந்து நிற்பதால், பக்கவாட்டுப் படத்தில் 400 மி.மீ. உயரம் தெரிந்தால் அறுக்க வேண்டிய உண்மை நீளம் 414. இதை விரித்து வரையாமல் அறுத்தால் ஒரு நல்ல செங்கால் (ஒரு கடின மரம்) பலகை குப்பைக்குப் போகும். செங்கால் இன்று என்ன விலை விற்கிறது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் பலன்: ஐந்து அச்சுகளையும் ஏராக்கட்டைமேல் (படகின் அடி முதுகெலும்பு) நிறுத்தி வளைசட்டத்தை ஓட்டிப் பார்த்தபோது அது ஐந்திலும் ஒட்டி உட்கார்ந்தது. எங்கும் சக்கை வைக்கவில்லை, எங்கும் சீவவில்லை. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் சாட்சி.

திரெங்கானு பூலாவ் டூயோங்கில் மலாய்க்காரத் தச்சர்கள் வரைபடமே இல்லாமல் கட்டுகிறார்களே என்ற கேள்வியும் வந்தது. நல்ல கேள்வி. அவர்கள் முதலில் பலகைகளை ஓரத்தோடு ஓரம் மரமுளையால் பூட்டி, இடையில் கெலாம் மரப் பட்டையை வைத்து உடலை எழுப்பி, வங்குகளை, அதாவது உள்ளே நிற்கும் விலாச் சட்டங்களை, பிறகு பொருத்துகிறார்கள். வடிவம் அவர்கள் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண் சிறுவயது முதல் தகப்பன் பக்கத்தில் நின்று வந்தது. நமக்கு அது இல்லாததால் தரையில் வரைகிறோம். ஆனாலும் நம் படகிலும் பலகை முதலில், வங்கு பிறகுதான்: பலகைகள் 20 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செம்பாணியால் பிணைந்து நிற்கின்றன.

இரும்புக்கடையில் ஆணி கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும்போது செம்பு எதற்கு என்று கேட்டவருக்கு: ஆற்றில் இங்கே வரை கடல்நீர் ஏறுகிறது. உவர்நீரில் இரும்பாணி துருவேறிப் பருக்கும், மெராந்தி மரப் பலகை அதைச் சுற்றிக் கறுத்து மக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பலகை வரிசை, எட்டு ஏறுவிளிம்பு, 65 மி.மீ.க்கு ஒரு ஆணி என்று போட்டால் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் ஆணி, ஆயிரம் செம்பு வில்லை (ஆணி முனையில் மாட்டும் துளைத் தகடு). நாம் வாங்கியது அதில் பாதி.

உறுப்பினர்கள் வராததை நான் குறையாகச் சொல்வதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து ஆணியை அடிப்பவர் அதன் தலையில் கனமான இரும்புக்கட்டியை, அதாவது டாலியை, அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் முனையில் வில்லையைக் குழிக்கம்பியால் இறக்கி, மீதியை ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு நறுக்கி, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே வளைந்து பிடிப்பு தளரும். டாலி விலகினாலும் அதுவே நடக்கும். இதை ஒற்றை ஆளாகச் செய்வது மிகக் கடினம். பெயர் கொடுத்தவர்கள் இருபதுக்கு மேல். முதல் வகுப்பில் படம் எடுத்துப் போட்டவர்கள் அதைவிட அதிகம். ஆணி அடிக்கும் காலைகளில் நால்வர் இருந்தால் அது நல்ல நாள். அதனால் படகு இன்று ஐந்தாம் வரிசையில் நிற்கிறது. வடிவத்திலோ மரத்திலோ குறையில்லை.

சந்தாவும் அதே கதைதான். ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்), மாதத்துக்கு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) விலை. மொத்த உறுப்பினரில் பாதிப்பேர்கூடக் கட்டவில்லை. சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. நினைவூட்டல் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பணம் விழுவதில்லை. பாக்கி வைத்தவர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்ற விதியை இந்த ஆண்டும் தலைவர் பெருந்தன்மையுடன் தளர்த்தியிருக்கிறார். அது அவர் முடிவு. நான் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. பொதுவாகச் சொன்னால் வரவுக்குள் செலவு அடங்கியது. படகு வகுப்புக்கான தொகையில் பெரும்பகுதி நன்கொடை, மீதி பொது நிதியிலிருந்து முன்பணம். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும், ஆகவே கணக்காய்வாளர்கள் கையெழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், லாரி கொடுத்தவருக்கும், பயிற்றுநருக்கும், தேநீர் போட்டுத் தந்த மகளிர் பிரிவுக்கும், ஒத்துழைத்த செயலவையினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் எஞ்சிய நான்கு வரிசைப் பலகை, பிறகு வங்குகள். 12 மி.மீ. வங்குச் சட்டம் நீராவிப் பெட்டியில் அரை மணி வேக வேண்டும். சூளையில் காயவைத்த மரம் ஒடிந்துவிடும் என்பதால் பச்சை மரமாகக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தால் அரை நிமிடம்கூடக் கிடைக்காது; அதற்குள் நாலு கை சேர்ந்து வளைத்துப் பிடித்தாக வேண்டும். மீதிச் செம்பாணிக்கும் வில்லைக்கும் பணம் வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். தரைப் பலகைகளைப் பூட்டும் வரிசையையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே பதிவு செய்கிறேன். படகை ஆற்றில் இறக்கும் அன்று அதில் தண்ணீர் ஏறும். காய்ந்த பலகை நீரில் ஊறிப் பருத்து விளிம்புகள் இறுக ஓரிரு நாள் ஆகும். பலகை அடித்துக் கட்டிய மரப்படகுகள் பெரும்பாலும் அப்படித்தான். கரையில் நின்று படம் எடுத்து "சங்கத்துப் படகு மூழ்கியது" என்று குழுவில் போடுபவர்கள் மூன்றாம் நாளும் வந்து ஒரு படம் எடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். டாலி பிடிக்க ஆள் தேவை. முன் அனுபவம் வேண்டியதில்லை. சந்தாவையும் அங்கேயே கட்டலாம், ரசீதுப் புத்தகம் என் பையில்தான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்