செய்தி வெளியானால்தான் கட்டணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நிறுவனத்தையும் சாராமல், கோவையில் தனியாக மக்கள் தொடர்பு ஆலோசகராகப் பணிபுரிந்து வருகிறேன். பம்ப்செட் தயாரிப்பாளர்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியோருக்குச் செய்திக்குறிப்பு எழுதித் தருவதும், பத்திரிகையாளர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வதும், ஒரு நிறுவனம் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்போது யார், எப்போது, எதைப் பேச வேண்டும் என்று எடுத்துச் சொல்வதும் என் வேலை. தனித்து இயங்கும் எங்களிடம் வாடிக்கையாளர்கள் பலர் முதல் சந்திப்பிலேயே விதிக்கும் ஒரு நிபந்தனையைப் பற்றித் தொழில் நடத்தும் தங்கள் வாசகர்களிடம் பேசவே இக்கடிதத்தை எழுதுகிறேன். "பேப்பரில் செய்தி வந்தால் பணம், வராவிட்டால் இல்லை" என்பதே அந்த நிபந்தனை.

எந்தச் செய்தி வெளியாக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் ஆசிரியர். நாங்கள் எவ்வளவு கவனமாக எழுதிக் கொடுத்தாலும், அன்று மாலை பெருமழை பெய்தாலோ தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டாலோ எங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் இடமிருக்காது; அது முறையும்கூட. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றிய, மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடியான ஐவி லீ, பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பிய கொள்கை அறிக்கையில், தாம் தருவது செய்தியே என்றும், அது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று ஆசிரியர் கருதினால் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் வெளிப்படையாகவே எழுதினார். எங்கள் தொழிலின் அடிப்படை இதுதான். தன் கையில் இல்லாத முடிவுக்கு உத்தரவாதம் தரும்படி ஓர் ஆலோசகரை நிர்ப்பந்தித்தால், அவர் உழைப்பை இழக்க வேண்டும், இல்லையேல் அந்த முடிவை விலைக்கு வாங்க முயல வேண்டும். பத்திரிகையாளர் சந்திப்புகளில் செய்தியாளர்களுக்குப் பணம் வைத்த 'கவர்' கொடுக்கும் இழிவான பழக்கத்துக்கு வாடிக்கையாளரின் இந்த நிபந்தனையும் ஒரு காரணம் என்பதே என் கருத்து. கவர் கொடுக்க மறுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

வெளிவந்த செய்தியை மதிப்பிடும் முறையும் கவலை தருகிறது. நறுக்கிய செய்தியின் மேல் அளவுகோலை வைத்து, எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கணக்கிட்டு, அதை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "உங்கள் வேலையின் மதிப்பு இவ்வளவுதான்" என்று ஒரு கணக்காளர் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கு மக்கள் தொடர்புப் பணியின் மதிப்பாகாது என்று 2010ஆம் ஆண்டிலேயே பார்சிலோனாவில் கூடிய இத்துறையினர் அறிவித்துவிட்டனர். அச்சில் வராமல் தடுத்த வரிக்கு எந்த அளவுகோலை வைப்பது? நீரிழிவை அடியோடு போக்கும் மருந்து என்று ஒரு மருத்துவமனை தன் குறிப்பில் சேர்க்கச் சொன்ன வரியை நீக்கவைக்க அரை நாள் வாதாட வேண்டியிருந்தது. நீரிழிவுக்கு அப்படி மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அந்த அரை நாள்தான் அம்மாதத்தில் நான் அவர்களுக்குச் செய்த மிகப் பெரிய வேலை.

சட்டம் எங்களைக் கைவிடவில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்ட சிறு சேவை நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்டு. பணியில் குறை இருந்தால் 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆனால் ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால், பாக்கிக்காகப் புகார் கொடுத்தவர் என்ற பேர் வந்துவிடுமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. பில் போட்ட மாதத்துக்கே 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கைக்காசிலிருந்து கட்டிவிட்டு, வராத பணத்துக்குக் காத்திருப்போர் என் நண்பர்களில் உண்டு.

ஆகவே தொழில்முனைவோரிடம் நான் கேட்பது, செய்த பணிக்கு மாதக் கட்டணமோ பணிக் கட்டணமோ பேசி, அதை எழுத்தில் போட்டுக் கொடுங்கள் என்பதே. தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. செய்திப் பக்கத்தில் இடம்பெற எவரும் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை என்ற அறிவிப்பை, செய்திக்குறிப்பு அனுப்ப வேண்டிய முகவரியோடு சேர்த்து வாரம் ஒரு முறையாவது தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். பணம் பெற்று வெளியிடும் பகுதிகளில் 'விளம்பரம்' என்ற சொல்லைக் கண்ணில் படும் அளவில் அச்சிடவும் வேண்டுகிறேன். நாங்கள் சொன்னால் சாக்குப்போக்கு என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள், பத்திரிகையே சொன்னால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
மக்கள் தொடர்பு ஆலோசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.