சாஷா கொனியெட்ஸ்கோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாஷா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கே.எம்.எஃப்.டி.எம். பேண்டைப் பற்றிய இந்தக் கடிதம் உங்கள் கண்ணில் படாது என்ற தைரியத்தில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேடையில் உங்களையே நீங்கள் கிண்டல் செய்துகொள்கிற ஆள், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

மெஷின் சத்தமும் கனத்த கிட்டாரும் கலந்த ஜெர்மன் இண்டஸ்ட்ரியல் மெட்டல் இசை என்றதும் பலரும் முதலில் சொல்கிற பேண்ட் ராம்ஸ்டைன். கூடவே ஒரு பெருமையும் வந்துவிடும்: 1994-இல் பெர்லினில் சேர்ந்த அதே ஆறு பேர்தான் இன்றைக்கும் வாசிக்கிறார்கள். அடுத்து கே.எம்.எஃப்.டி.எம். பேச்சு வந்தால் குரல் இறங்கும். "அது பேண்டா, இல்லை ஆள் வந்து போகிற சத்திரமா?" என்பார்கள். நாற்பது வருடத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள்! எல்லா ஆல்பத்திலும் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். சத்திரத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆட்கள் மாறியதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. உங்கள் பேண்ட் அப்படித்தான் பிறந்தது. 1984 பிப்ரவரி 29, பாரிஸ், கிராண்ட் பாலே கண்காட்சி மண்டபம். இளம் ஓவியர்களின் கண்காட்சித் திறப்புக்கு நீங்களும் உதோ ஸ்டுர்மும் ஒரு நிகழ்ச்சி செய்தீர்கள். அவர் சிந்தசைசரில். நீங்கள் வாக்குவம் கிளீனரிலும், கட்டடம் முழுக்க ஆம்ப்ளிஃபயர்களைப் பரப்பிவைத்த பேஸ் கிட்டார்களிலும். போலந்தைச் சேர்ந்த நான்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டடத்தின் அடித்தளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நீங்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நால்வரும் அதற்கப்புறம் என்ன ஆனார்களோ. அவர்களையும் சேர்த்தால் உங்கள் பேண்டின் முதல் உறுப்பினர் மாற்றம் அன்று ராத்திரியே நடந்துவிட்டது!

ஆகவே யார் வந்தார், யார் போனார் என்ற கணக்கு எனக்கு முக்கியமில்லை. உங்களை எதிர்த்துப் பேசக்கூடிய ஆள் அந்த அறையில் இருந்தாரா, இல்லையா? நான் கேட்பது அதை மட்டும்தான். இருந்த காலத்து ஆல்பங்களும் இல்லாத காலத்து ஆல்பங்களும் என் காதுக்கு வேறு வேறாகக் கேட்கின்றன.

ஹாம்பர்க் திரும்பியதும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ரேமண்ட் வாட்ஸ், இங்கிலாந்துக்காரர். இன்னொருவர் என். எஷ் என்ற பெயரில் வலம்வந்த நிக்கலாஸ் ஷாண்டெல்மையர். மொட்டைத் தலை, டிரம்ஸும் வாசிப்பார், பாடவும் செய்வார், மேடையில் எதை உடுத்தவும் கூச்சப்படாதவர். 1986-இல் 'வாட் டூ யூ நோ, டாய்ச்லாண்ட்?' வந்தபோது மூவரும் இருந்தீர்கள். அப்புறம் வாட்ஸ் தனக்கென்று 'பிக்' என்ற பேண்டை ஆரம்பித்துக்கொண்டு போனார். எஷ் தங்கினார். சிகாகோவின் வாக்ஸ் டிராக்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் (லேபிள்) உங்களை எடுத்துக்கொண்டது. 1989 கடைசியில் மினிஸ்ட்ரி என்ற அமெரிக்க பேண்டுக்கு முன்னால் வாசிக்கிற பேண்டாக அமெரிக்கா போனீர்கள். போன இடத்திலேயே வேர் பிடித்தது. கொஞ்ச நாளில் வீட்டையும் சிகாகோவுக்கு மாற்றிவிட்டீர்கள்.

1990-இல் வந்த 'நைவ்' ஆல்பத்தில் குந்தர் ஷுல்ட்ஸின் கிட்டார் சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை உங்கள் சத்தம் பிறந்தது இங்கேதான். அதுவரை கிட்டார் உங்களுக்கு வெட்டி ஒட்டுகிற சரக்கு. மெட்டல் கிட்டாரில் ஒரு துண்டை எடுத்து, ஒலித்துண்டுகளைப் பதிந்து ஓட்டும் சாம்பிளரில் போட்டு, அளவு மாறாமல் திரும்பத் திரும்ப ஓடவிடுவீர்கள். 'காட்லைக்' பாட்டில் ஓடுவது ஸ்லேயர் என்ற மெட்டல் பேண்டின் ரிஃப், அதாவது கிட்டார் துண்டு. அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஷுல்ட்ஸ் கையால் வாசிப்பதும் மெஷின் வாசிப்பது மாதிரியே இருந்தது. ஒரு இழை முன்னே பின்னே போகாது. அந்த வலது கையை நீங்கள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் தேடினீர்கள். முழுசாகக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதே ஆல்பத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் இசைத்துண்டை அனுமதி இல்லாமல் சேர்த்ததற்கு விலையும் கொடுத்தீர்கள். ஆல்பத்தையே சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1994-இல் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, பாட்டுகளை மாற்றிக் கலந்து மறுபடி வெளியிட்டீர்கள். பழைய சிடி வைத்திருப்பவர்கள் இன்றும் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடக்கிறார்கள்.

அடுத்தது சண்டை. உங்களுக்கும் எஷுக்கும் ஒத்துவராமல் போய், அடுத்த ஆல்பத்தை ஆளுக்குப் பாதியாகத் தனித்தனியே செய்வது என்று முடிவானது. எஷின் பாதியை லேபிள் ஏற்கவில்லை. உங்கள் பாதியோடு ரீமிக்ஸ்களைச் சேர்த்து 1992-இல் 'மனி' என்று வெளியிட்டார்கள். மோசமான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிரப்பி முடித்த ஆல்பம் என்பது கேட்டால் தெரியும். மறு வருடமே எஷ் திரும்பி வந்து நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த 'ஆங்ஸ்ட்' எப்படி இருக்கிறது? 'எ டிரக் எகைன்ஸ்ட் வார்' தொடங்கின பத்தாவது வினாடியில் நாற்காலியில் உட்கார முடியாது. ஒரே ஆட்கள், ஒரே ஊர், ஒரு வருட இடைவெளி. இவ்வளவு வித்தியாசத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: ஒருவர் போட்ட பாட்டை இன்னொருவர் பிடித்து இழுத்திருக்கிறார்.

1995-இன் 'நைஹில்' இந்த இழுபறியின் உச்சம். வாட்ஸ் திரும்பி வந்தார். எஷ் இருந்தார். ஷுல்ட்ஸ் இருந்தார். ஸ்டீல் கிட்டாருக்கு மார்க் டுரான்டே, டிரம்ஸுக்கு பில் ரீஃப்லின். தனித்தனியாக ஒரு பேண்டை நடத்தக்கூடிய ஆட்கள் இத்தனை பேர் ஒரே அறையில்! அந்த ஆல்பம்தான் உங்களுடையவற்றில் அதிகம் விற்றது. 'ஜூக் ஜாயின்ட் ஜெசபெல்' அதே வருடம் இரண்டு ஹாலிவுட் படங்களில் இடம்பிடித்தது. அதில் ஒன்றான 'மார்ட்டல் காம்பாட்' படத்தின் இசைத்தொகுப்பு வழியாகத்தான் உங்கள் பெயரே எனக்குத் தெரியவந்தது. என்னைப் போல அந்த வாசல் வழியாக வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தப் பாட்டின் கோரஸில் தேவாலயப் பாட்டு மாதிரி ஒரு பெண் குரல் எழும்பும். அடியில் ஷுல்ட்ஸின் கிட்டார் அரைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மதிக்காமல் போவதுதான் அழகு.

1996-இன் 'எக்ஸ்டார்ட்' விருந்தாளிகளின் ஆல்பம். ஐன்ஸ்டுர்ட்ஸெண்ட நொய்பவுட்டன் என்ற பேண்டின் எஃப். எம். ஐன்ஹைட், பாடகர் கிறிஸ் கானலி, கவிதை சொல்லும் நிக்கோல் பிளாக்மன். 1997-இல் எழுத்தே இல்லாமல் வெறும் குறியீடுகளைத் தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் போட்டு, அதை எப்படிக் கூப்பிடுவது என்று கடைக்காரர்களைத் திண்டாடவைத்தீர்கள். அதில் ஸ்வீடன்காரர் டிம் ஸ்கோல்ட் உள்ளே வந்தார். எழுதுவார், பாடுவார், எல்லாம் வாசிப்பார். திறமையில் குறை சொல்லவே முடியாது. ஆனால் உங்களுக்கு அவர் மிகவும் தோதான ஆள். எஷுக்கு இருந்த இடம் சுருங்க ஆரம்பித்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1999 ஜனவரியில் பேண்டைக் கலைத்தீர்கள். லேபிளுக்கு விடைசொல்ல வைத்த 'அடியோஸ்' என்ற தலைப்பு பேண்டுக்கே பொருந்திப்போனது. அந்த ஆல்பம் வெளியான ஏப்ரல் 20 அன்றுதான் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. சுட்டவர்களில் ஒருவன் உங்கள் பாட்டு வரிகளைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தான் என்று தெரிந்ததும் தொலைக்காட்சிகள் ஜெர்மன் பேண்ட், நாஜி என்று முடிச்சுப் போட்டன. நீங்கள் வெளியிட்ட அறிக்கை நிதானமானது. போருக்கும் ஒடுக்குமுறைக்கும் பாசிசத்துக்கும் எதிராகத்தான் ஆரம்பத்திலிருந்து பாடி வருகிறோம் என்றீர்கள். இறந்த பிள்ளைகளுக்காக வருந்தினீர்கள். மேலே வாதாடப் போகவில்லை. கலைந்துபோன பேண்டுக்காகத் தனியாக நின்று பதில் சொன்னதை நான் மதிக்கிறேன்.

எம்.டி.எஃப்.எம்.கே. என்று பெயரைத் திருப்பிப் போட்டு 2000-இல் நீங்கள், ஸ்கோல்ட், பாடகி லூசியா சிஃபரெல்லி மூவரும் செய்த ஆல்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. பளபளப்பாக இருந்தது. ஓர் ஆல்பத்தோடு நின்றது.

2002-இல் 'அட்டாக்' ஆல்பத்தோடு கே.எம்.எஃப்.டி.எம். மீண்டும் எழுந்தது. வாட்ஸ் வந்தார். எஷும் ஷுல்ட்ஸும் வரவில்லை. அவர்கள் அதற்குள் 'ஸ்லிக் இடியட்' என்று தனியாகத் தொடங்கியிருந்தார்கள். ஸ்கோல்ட் அதே வருடம் அமெரிக்கப் பாடகர் மர்லின் மான்சனின் பேண்டுக்குப் போய்விட்டார். இந்த இடத்தில் உங்கள் ரசிகர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பழைய ஆட்கள் வராததற்கு லூசியாவைக் காரணம் காட்டி அந்தக் காலத்தில் எழுதாத வசை இல்லை. நீங்கள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதும் இன்னும் வசதியாகப் போயிற்று. பேண்டில் பெண் குரல் என்ன புதுசா? டொரோனா அல்பெர்ட்டி இல்லாத பழைய ஆல்பங்களை நினைத்துப் பார்க்க முடியுமா? உண்மையைச் சொன்னால், 2002-க்குப் பிறகு உங்களுக்கு ஈடுகொடுக்கிற ஒரே குரல் லூசியாவுடையது.

'டபிள்யூ டபிள்யூ த்ரீ' ஆல்பத்துக்கு (2003) கிட்டாருக்கு ஜூல்ஸ் ஹாட்சன், ஸ்டீவ் வைட், டிரம்ஸுக்கு ஆண்டி செல்வே என்று மூன்று இங்கிலாந்துக்காரர்கள். அதன் கடைசிப் பாட்டுக்கு 'இன்ட்ரோ' என்று பெயர் வைத்து, அதில் ஆள் ஆளாக அறிமுகம் செய்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த குறும்பு. சத்திரம் என்று பேசியவர்களுக்கு அதில் பதிலும் இருந்தது. இந்தக் கூட்டம் பத்து வருடத்துக்கு மேல் பெரிதாகக் கலையாமல் நின்றது. 'ஹாவ் ருக்', 'டோஹுவபோஹு', 'பிளிட்ஸ்', 'குன்ஸ்ட்' என்று ஒழுங்காக ஆல்பங்கள் வந்தன.

என் வருத்தம் இங்கேதான். அந்த ஒழுங்கு. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நல்ல பாட்டு இருக்கும். சத்தம் சுத்தமாக இருக்கும். செல்வேயின் டிரம்ஸ் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் 'நைஹில்' கேட்கும்போது அடுத்த நிமிடம் பாட்டு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. இங்கே தெரியும். உங்கள் கைக்குத்தான் போகும். 'வேண்டாம் சாஷா, இது நன்றாக இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் அந்த அறையில் இருந்ததாக எனக்குக் கேட்கவில்லை. பேண்டின் வரலாற்றிலேயே ஆட்கள் நிலையாக நின்ற காலம் இது. எனக்குக் குறைவாகப் பிடித்த காலமும் இதுதான். இதில் ஒரு ஓரமாக, ஏறக்குறைய எல்லா ஆல்பத்திலும் கூடவே இருந்தவர் என்று தேடினால் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத எய்டன் ஹ்யூஸ்தான் வருகிறார். உங்கள் பெரும்பாலான ஆல்பம் அட்டைகளை வரைந்தவர். உறுப்பினர் பட்டியலில் அவரையும் சேர்த்துவிடலாம்.

ஹாட்சனும் வைட்டும் பின்னால் விலகினார்கள். ஆண்டி பிளாக்ஷுகர் கிட்டாருக்கு வந்தார். அவரிடம் கொஞ்சம் அடங்காத்தனம் தெரிந்தது. 2019-இன் 'பாரடைஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு வாட்ஸ் வந்தபோது சட்டென்று பழைய வெப்பம் தெரிந்தது. 2022-இல் 'ஹயேனா', 2024-இல் நாற்பதாம் ஆண்டுக்கு 'லெட் கோ'. லீப் வருடத்தில் பிறந்த பேண்டுக்கு லீப் வருடத்திலேயே நாற்பது வந்தது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வாட்ஸின் 'பிக்' 2016-இல் டூர் போனபோது எஷும் ஷுல்ட்ஸும் அவரோடு மேடை ஏறினார்கள். ஆக, அவர்களுக்கு வாசிப்பில் சலிப்பு ஒன்றும் வந்துவிடவில்லை. பில் ரீஃப்லின் 2020 மார்ச்சில் காலமாகிவிட்டார், 'நைஹில்' கூட்டம் முழுசாக இனிக் கூடப்போவதில்லை. டூர் வேண்டாம், மறுஇணைப்பு என்று போஸ்டர் வேண்டாம். அடுத்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை எஷிடம் கொடுங்கள். ஷுல்ட்ஸ் கிட்டார் வாசிக்கட்டும். எஷ் அதைக் கலைத்துப்போட்டால் போடட்டும், நீங்கள் திருத்தாமல் வெளியிடுங்கள். ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2009-இல் ஸ்கோல்டும் நீங்களும் ஃபைல்களை அனுப்பி அனுப்பியே ஒரு முழு ஆல்பம் முடித்தீர்களே, அதே மாதிரி செய்யலாம். எஷ் முடியாது என்று சொன்னால் அது அவர் இஷ்டம். கேட்டுப் பார்த்தீர்களா என்பதை மட்டும் அடுத்த பேட்டியில் சொல்லுங்கள்.

லூசியா அவர்களுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
ஒரு பழைய ரசிகன்