ஆணிதானா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனையில் புண் கட்டும் அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். உள்ளங்காலில் எது தடித்தாலும் கால் ஆணி என்று தாங்களாகவே முடிவு செய்து, பிளாஸ்திரி ஒட்டுவதும் பிளேடால் செதுக்குவதும் இன்னும் குறையவில்லை.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் அப்படித்தான் நொண்டிக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தோல் ரேகைகள் தடிப்பின் மேல் ஓடாமல் சுற்றி விலகிப் போயின. நடுவில் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். நேராக அமுக்கியபோது பொறுத்துக்கொண்டவர், இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வைரஸால் வரும் மரு அது. அந்தப் புள்ளிகள், ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். செதுக்கினால் ரத்தம் கசியும். அதே பிளேடால் வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றலாம். தோல் மருத்துவரும் மரு என்றே உறுதி செய்தார்.

ஆணி, செருப்போ எலும்போ அழுத்துகிற இடத்தில் வரும். ரேகை அதன் மேலேயே ஓடும். மருத்துவர் மேல்தோலைச் சீவினால் நடுவில் மங்கிய கண்ணாடி போல ஒரு கரு தெரியும். நேராக அமுக்கினால் உயிர் போகும். அழுத்தம் நீங்காதவரை, எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும். விரலிடுக்கில் வருவது வியர்வையில் ஊறி வெளுத்துக் கிடக்கும். சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு தடவுவோர் பலர்.

சர்க்கரை நோயாளிகளை நினைத்தால்தான் எனக்குப் பெரிய கவலை. பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 சதவீதம். அது ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும்; உணர்ச்சி மரத்த காலுக்கு அது தெரியாது. தடிப்புக்கு அடியிலேயே புண் மறைந்திருப்பதும் உண்டு. உள்ளே கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல் எடுத்த கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அவற்றில் சில, இந்தப் பிளாஸ்திரியில் தொடங்கியவை.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். அப்போதே இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்க்கவும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்துக் கடைக்காரர்களும் ஆணி பிளாஸ்திரி கேட்பவரிடம் “சர்க்கரை இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருக்கிறது என்றால் கொடுக்காமல், மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோவில்பட்டி.