பால்கனிக் கூடு பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பால்கனிக்கு மேலே தேனீ கூடு கட்டியிருக்கிறது, தீப்பந்தம் காட்டி விரட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். யாரையும் கிட்டே விடாதேம்மா. எல்லாவற்றையும் தேனீ என்றே சொல்லிவிடுகிறோம். அதில் ஒன்று உள்ளங்கையில் ஊர்ந்தாலும் எதுவும் ஆகாது, இன்னொன்று கூட்டமாக எழுந்தால் ஆளையே சாய்த்துவிடும். வந்திருப்பது எது என்று தெரியாமல் எதிலும் இறங்கக் கூடாது.

பூச்சியைப் பார்த்து முடிவு செய்யாதே, கூட்டைப் பார். பூச்சி பறந்துகொண்டே இருக்கும், பயத்தில் எல்லாமே பெரிதாகத் தெரியும். கூட்டைத் தூர நின்றே நிதானமாகப் பார்க்கலாம்.

திறந்த இடத்தில் ஒரே ஓர் அடை, அரைவட்டமாக, ஒரு முழத்துக்கு மேல் அகலமாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. உயரமான கிளை, பாறை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், மாடிக் கட்டடத்தின் சன்ஷேடு எல்லாம் அதற்குப் பிடித்த இடம். அடை ஒரு மீட்டரையும் தாண்டும். பூச்சி கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மெழுகு உன் கண்ணுக்குத் தெரியாது, தேனீக்களே போர்வை மாதிரி மூடியிருக்கும். பக்கத்தில் குளவி வட்டமிட்டால் அந்தப் போர்வையில் பளபளவென்று ஓர் அலை ஓடி அடங்கும். ஒவ்வொன்றும் அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கி இறக்குவதால் வருகிற அலை அது. பார்க்க அத்தனை அழகு, ஆனால் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். கல், புகை, பருந்து என்று எது கலைத்தாலும் நூற்றுக்கணக்கில் இறங்கி வெகுதூரம் துரத்தும். நீ பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதே போல ஒற்றை அடைதான், ஆனால் கையகலம், மெல்லிய குச்சியைச் சுற்றிக் கட்டியிருக்கிறது என்றால் கொம்புத்தேனீ. வயிற்றின் முன்பாதி செம்பழுப்பு, பின்பாதியில் கறுப்பு வெள்ளைக் கோடு. எறும்பு ஏறாமலிருக்கக் குச்சியில் பிசின் தடவி வைத்திருக்கும். கொட்டும், ஆனால் சாதுதான். மரப்பொந்து, சுவர் இடுக்கு, மீட்டர் பெட்டி என்று இருட்டான இடத்தில் வரிசையாகப் பல அடைகள் இருந்தால் அடுக்குத்தேனீ. மரப்பெட்டியில் வைத்து வளர்ப்பதில் அதுவும் உண்டு, அதைவிடச் சற்றுப் பெரிய இத்தாலியத் தேனீயும் உண்டு. சுவர் விரிசலில் பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு, 4 மில்லிமீட்டர் கறுப்புப் பூச்சிகள் போய் வந்தால் கொசுத்தேனீ. அதற்குக் கொட்டத் தெரியாது, சீண்டினால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். மரச்சட்டத்தில் விரல் நுழையும் ஓட்டை, கீழே மரத்தூள் என்றால் கருவண்டு. அதுவும் தேனீ இனம்தான், ஆனால் தனியாக வாழ்வது. பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

அடையே இல்லாமல் தேனீக்கள் மட்டும் பந்தாகத் திரண்டு தொங்குகிறதா? அது இடம் தேடிப் புறப்பட்ட கூட்டம். காக்கக் குஞ்சும் தேனும் இல்லாததால் அமைதியாக இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும்.

கூடு மெழுகாக இல்லாமல் காகிதம் மாதிரி சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது தேனீயே அல்ல, குளவி. இடுப்பு நூலாக இருக்கும், உடம்பு வழவழப்பாக இருக்கும். ஒரே வாசல் வைத்து, பந்து போலக் காகிதத்தால் முழுக்க மூடிய கூடு என்றால் கதண்டு. அதையும் மலைத்தேனீக்குச் சமமாகவே நினை.

கொட்டினால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் புரியும். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. தோலில் மாட்டியதும் விஷப்பையோடு பிய்ந்து அங்கேயே நின்றுவிடும். உற்றுப் பார்த்தால் அந்தச் சின்ன வெள்ளைப் பை தேனீ போன பிறகும் துடித்துக்கொண்டிருப்பது தெரியும். பெரும்பங்கு விஷம் 20 விநாடிக்குள் இறங்கிவிடும். நகத்தால் சுரண்டலாமா, கிள்ளி எடுக்கலாமா என்று யோசித்து நிற்காதே. எப்படியாவது உடனே எடு. அந்த இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களைக் கூப்பிடுவது அதுதான், அதனால் அங்கேயே நிற்காமல் விலகு. குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கொடுக்கு கிடைத்ததா இல்லையா என்பதை டாக்டரிடம் சொல். இரண்டின் விஷமும் வேறு, அலர்ஜி பரிசோதனைக்கு அது உதவும்.

ஒன்றிரண்டு கொட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வை. கையில் கொட்டினால் மோதிரத்தை முதலில் கழற்று. வீக்கம் இரண்டாம் நாள் அதிகமாகும், பயப்படாதே. தோலுக்கு அடியில் போன விஷத்தை மேலே பூசுகிற எதுவும் எடுக்காது.

கொட்டின அரைமணி நேரம் உன்னையே கவனித்துக்கொண்டிரு. கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சிழுப்பு, குரல் மாற்றம், வாந்தி, தலைசுற்றல் — இதில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். அதற்கு மருந்து தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான், அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. ஆம்புலன்ஸ் வரும்வரை படுத்துக் காலை உயர்த்தி வை. மூச்சு முட்டினால் மட்டும் உட்கார். சரியாகிவிட்டது என்று திடீரென எழுந்து நடக்காதே. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு கொட்டுக்கும் இது நேரும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கண்ணிலோ கொட்டினாலும் காத்திருக்காதே.

அலர்ஜி இல்லாதவருக்கும் கொட்டின எண்ணிக்கை ஆபத்து. ஐம்பதைத் தொட்டால், குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவானாலும், நன்றாகத் தெரிகிறதே என்று வீட்டிலிருக்கக் கூடாது. விஷம் தசையைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறமாகப் போவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

கூட்டம் துரத்தினால் கையை வீசாதே. முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, ஓர் அறைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்து. தண்ணீரில் குதிக்காதே, தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும்.

இப்போதைக்குப் பால்கனிக் கதவைச் சாத்தி வை. ராத்திரி அந்தப் பக்க விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிடு, மலைத்தேனீ வெளிச்சத்துக்கு வரும். தரையில் செத்துக் கிடப்பதை வெறுங்காலால் மிதிக்காதே, அதன் கொடுக்கும் ஏறும். மருந்தடிக்கவோ கொளுத்தவோ யாரையும் அனுமதிக்காதே. எடுத்தே ஆக வேண்டுமென்றால் தீயணைப்புத் துறையையோ தேனீ வளர்ப்பில் பழகியவரையோ கூப்பிடு. பூக்காலம் முடிந்ததும் மலைத்தேனீ தானாகவே இடம் மாறும், பொறுக்க முடிந்தால் அதுவே நல்லது. அது போனபின் மெழுகைச் சுரண்டி வலை அடித்துவிடு, பழைய இடத்துக்கே திரும்பி வருகிற பழக்கம் அதற்கு உண்டு.

நாளைக்குக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே, ஃபிளாஷ் போடாமல் ஒரு படம் எடுத்து அனுப்பு. அடையின் அகலம் தெரிகிற மாதிரி சன்ஷேடும் சேர்ந்து வரட்டும்.

அப்பா