புது சைக்கிள் வாங்குறதுக்கு முன்னாடி, செல்விக்கு

அன்புள்ள செல்வி,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜை மூணு தடவை கேட்டேன்டீ. முட்டி வலிக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னாருன்னு சொன்னதுல இருந்து, மாடிப்படிக்குக் கீழ கிடக்குற உன் பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்து ரெண்டு நாள் ஓட்டி வலி கூடிப்போச்சுன்னது, தம்பி அதை பழைய இரும்புக்குப் போட்டுட்டு 21 கியர் வச்ச சைக்கிள் வாங்கித் தரேங்கிறது வரைக்கும் எல்லாம் கேட்டேன். அவன் ஆசையா சொல்றான், தப்பு சொல்லல. ஆனா அந்த சைக்கிளை மட்டும் இரும்புக் கடைக்கு அனுப்பிடாதடீ, இந்தக் கடிதத்தை முழுசா படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணு. போன்ல சொன்னா நீ மறந்துடுவ, அதான் எழுதுறேன்.

எனக்கும் போன வருஷம் இதே கதைதான். பால்வாடிக்கு ஒரு நாளைக்குப் போக வர 12 கிலோமீட்டர், அதே 22 இன்ச் ஜென்ட்ஸ் சைக்கிள், 92ல இருந்து ஓட்டுறது. உனக்கு ஞாபகம் இருக்கும், எழுத்தறிவு இயக்கம் அறிவொளில நாம சைக்கிள் பழகினப்ப எல்லாரும் லேடீஸ் சைக்கிள் வேணாம் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேணும்னு கேட்டோம்ல, முன்னாடி பார்ல புள்ளைய உக்கார வைக்கலாம், பின்னாடி கேரியர்ல தண்ணிக் குடம் கட்டலாம்னு. 92 மார்ச் 8, மகளிர் தினத்துல 1500 பேர் புதுக்கோட்டை ரோட்ல சைக்கிள்ல போனப்ப உன் சைக்கிள் செயின் கழண்டு நான் நின்னு மாட்டிவிட்டேன். கையெல்லாம் கிரீஸ், அதோடயே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மாவுக்கு வணக்கம் சொன்னோம். இப்ப பார்ல உக்கார புள்ளை இல்ல, காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது இடுப்பு புடிச்சுக்குது, அதனால பார் எனக்கு எதிரியாயிடுச்சு.

நம்ம ஊர் சைக்கிள் கடை அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் புதுசு வாங்குன்னு சொல்லல, பழைய இரும்புக் கடையில 28 டயர் போடுற லேடீஸ் ஃப்ரேம் ஒண்ணு கிடக்கு, நல்ல ஃப்ரேம், துரு மேலோடதான், அதை எடுத்துட்டு வா, உன் வண்டில இருந்து எல்லாத்தையும் கழட்டி அதுல மாட்டிடலாம்னார். அப்படியே செஞ்சோம்டீ. ரெண்டு வீல், ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட், சாரி கார்டு எல்லாம் என் பழைய வண்டியோடது. பின் பிரேக் கம்பிய மட்டும் மாத்த வேண்டியதாச்சு, ஏன்னா லேடீஸ் ஃப்ரேம்ல பார் கீழ வளைஞ்சு வர்றதால கம்பி போற வழி வேற. ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தேன், 30 வருஷம் ஓட்டின சைக்கிள்ல என்னென்ன இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

இப்ப உன் முட்டிக்கு வரேன். முதல்ல காசு செலவு இல்லாத வேலை, சீட்டு உயரம். நீ ரெண்டு காலையும் தரையில முழுசா ஊனணும்னு சீட்டை அடியோட இறக்கி வச்சிருப்ப, எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வச்சிருந்தேன், நமக்குப் பழக்கிவிட்டதே அப்படித்தான். சீட்டு அவ்ளோ கீழ இருந்தா பெடல் மேல வரும்போது முட்டி ரொம்ப மடங்குது, மடங்கின முட்டியில அழுத்தம் கொடுக்குறோம், வலி அங்கதான் வருது. சீட்டுல உக்காந்து பெடலை அடியில விட்டுட்டு குதிகாலை அது மேல வச்சா கால் நேரா நீண்டு நிக்கணும், அந்த உயரம்தான் சரி. அப்புறம் மிதிக்கும்போது முன்பாதத்தால மிதிச்சா முட்டி லேசா மடங்கி இருக்கும், அது போதும். நிக்கும்போது என்ன பண்றதுன்னு கேப்ப. லேடீஸ் ஃப்ரேம்ல அது சுலபம்டீ, பிரேக் புடிச்சிட்டே சீட்டுல இருந்து முன்னாடி நழுவி இறங்கி நின்னுக்கோ. ஒரே நாள்ல தூக்கிடாத, வாரத்துக்கு அரை இன்ச் ஏத்து, உடம்பு பழகிக்கும்.

அடுத்தது பல்லு. எனக்கு இருந்த வலில பாதி போனது இதுலதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். நம்ம சைக்கிள்ல முன்னாடி பெரிய சக்கரத்துல 44 பல்லு, பின்னாடி ஃப்ரீ வீல்ல 18 பல்லு. பெடலை ஒரு சுத்து சுத்தினா 28 டயர் வண்டி கிட்டத்தட்ட 5.4 மீட்டர் போகும். வாலிப வயசுக்கு, சமதரைக்கு அது சரி. எதிர்க்காத்துலயும் பாலம் ஏறும்போதும் எழுந்து நின்னு மிதிச்சோம்ல, அது இதனாலதான். அண்ணன் பின்னாடி 18ஐ கழட்டிட்டு 22 பல்லு ஃப்ரீ வீல் போட்டார், இப்ப ஒரு சுத்துக்கு 4.5 மீட்டர்தான் போகுது, நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா முன்னாடி மணிக்கு 19, 20 கிலோமீட்டர் போன வண்டி இப்ப 16 போகுது. எனக்கு 16 தாராளம். காலுக்குக் கனம் தெரியல, குளத்துக்கரை மேட்டுல கூட உக்காந்துட்டே ஏறிடுறேன். கூடவே ஒரு விஷயம், பல்லு கூடுறதால செயினுக்கு ரெண்டு கண்ணி சேர்த்தார், அப்படிச் சேர்த்தா பின் வீல் பழைய இடத்துலயே நிக்கும், சேர்க்கலைன்னா வீலை அரை இன்ச் முன்னாடி தள்ளணும், தள்ளினா பிரேக் கட்டை ரிம்ல சரியா உக்காராது. உன் கடைக்காரர் செய்யும்போது இதைச் சொல்லு. செயின் இழுபட்டுப் போயிருந்தா கண்ணி சேர்க்காம புதுசா மாத்திடு, பழைய செயின் புது பல்லு மேல ஏறி குதிக்கும்.

தம்பி சொல்ற 21 கியர் உனக்கு எதுக்குடீ? அவன் 40 கிலோமீட்டர் மலைப் பக்கம் போறவன், அவனுக்கு வேணும். நீ காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் உன் தங்கச்சி வீட்டுக்கும் போறவ, உனக்கு சரியான ஒரே பல்லு போதும், அதைத் தேர்ந்தெடுக்குறதுதான் முக்கியம். முன் சக்கரத்தைப் புடிச்சிருக்குற ஃபோர்க்ல ஸ்பிரிங் இருக்கு, குலுங்காதுன்னு அவன் சொன்னானாமே. விலை கம்மியான சைக்கிள்ல வர்ற அந்த ஸ்பிரிங் கனமா இருக்கும், கொஞ்ச நாள்ல துருப்புடிச்சு இறுகிடும், மிதிக்கிற சக்தில கொஞ்சத்தை வேற தின்னுடும். நம்ம சைக்கிளோட ஃபோர்க்கைப் பாரு, கீழ முன்னாடி வளைஞ்சு நிக்கும், குழில விழும்போது அது லேசா கொடுக்கும், அதோட தடிச்ச டயரும் அடியில ஸ்பிரிங் வச்ச சீட்டும் சேந்தா வேற என்ன வேணும்.

சீட்டு பத்தி சொல்லியே ஆகணும். ஜெல் வச்ச மெத்து மெத்துன்னு ஒண்ணு என் மருமக வாங்கிக் கொடுத்தா, பாசமா கொடுத்தான்னு ரெண்டு மாசம் ஓட்டினேன். முதல் 10 நிமிஷம் சுகமா இருக்கும், அப்புறம் உள்ள அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய கனத்தை சதை தாங்கி, மரத்துப்போகும். நிமிர்ந்து உக்காந்து ஓட்டுறவங்களுக்கு அகலமான, கொஞ்சம் கெட்டியான, கீழ கம்பிச் சுருள் வச்ச சீட்டுதான் சரி. தோல் சீட்டு கிடைச்சா விடாத. நாள் ஆக ஆக அது நம்ம உடம்பு வடிவத்துக்குப் படிஞ்சுக்கும். சீட்டோட முன் மூக்குக்கு அடியில ஒரு நட்டு இருக்கும், தோல் தொய்ஞ்சா அதை லேசா முடுக்கினா போதும், மழைல மட்டும் நனைய விடாம பிளாஸ்டிக் கவர் போட்டு வை, ஈரத் தோல்ல உக்காந்து ஓட்டினா இழுபட்டுப் போயிடும்.

ஹேண்டில்பாரை மாத்தலாமான்னு கேட்டிருந்தல்ல, அங்கதான் யோசிச்சு இறங்கணும். உன்னோடது கம்பி பிரேக்கா ஒயர் பிரேக்கான்னு முதல்ல பாரு. கம்பி பிரேக்னா பிரேக் புடியும் ஹேண்டில்பாரும் ஒண்ணா பொருத்தி வர்றது, பாரை மாத்தினா பிரேக்கையும் மாத்தணும். ஒயர் பிரேக் போட்டா அந்தக் கட்டை ரிம்மோட பக்கத்துல புடிக்கும், கம்பி பிரேக் ரிம்மோ பக்கவாட்டுல உருண்டையா இருக்கும், அது உள்பக்கம் ஆக்ஸிலைப் பாத்த மாதிரி இருக்குற இடத்துல கட்டை அமுக்குறதுக்குன்னே செஞ்சது. அப்ப ரிம்மையும் மாத்தணும். ஒண்ணைத் தொட்டா மூணு வரும். அதனால பார் இருக்கட்டும், பாரைத் தாங்குற தண்டு, அதான் ஸ்டெம், அதோட நட்டை லூஸ் பண்ணி மேல ஒரு தட்டு தட்டினா உள்ள இருக்குற ஆப்பு விடும், ரெண்டு இன்ச் உயர்த்திக்கோ, கம்பி பிரேக்னா கம்பியோட நீளத்தையும் அப்பவே சரி பண்ணச் சொல்லு, ஆனா தண்டுல ஒரு கோடு போட்டிருந்தா அதுக்கு மேல இழுக்காத, பிடிப்பு போயிடும். புடிக்கிற ரப்பர் மட்டும் புதுசா, கொஞ்சம் தடிச்சதா வாங்கிப் போடு. எனக்கு விரல் மரத்துப் போறது அதுல நின்னுச்சு.

மழைல மட்டும் ஜாக்கிரதைடீ. இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் சரியா புடிக்காது. தூரத்துலயே லேசா புடிச்சு தண்ணிய வழிச்சு விட்டு, அப்புறம் அழுத்தணும். உன்னோடது ஏற்கனவே ஒயர் பிரேக் வண்டியா இருந்தா அலுமினிய ரிம்முக்கு மாத்துறது நல்ல செலவு, ஈரத்துல வித்தியாசம் நல்லா தெரியும்.

டயர் வாங்கும்போது 28னு மட்டும் கேட்டு வாங்கிடாத. என் அக்கா மகன் அப்படித்தான் 28னு எழுதின டயர் ஒண்ணு வாங்கிட்டு வந்தான், ரிம்ல உக்காரவே இல்ல. பக்கத்துல சின்னதா 622னு போட்டிருந்துச்சு, நம்ம ரிம்முக்கு வேணும்கிறது 635. பேரு ஒண்ணு, அளவு வேற, 13 மில்லிமீட்டர் வித்தியாசம். டியூப் அப்படி இல்ல, ரப்பர் இழுபடும், 700க்கு 38னு விக்கிற டியூபே நம்ம வீலுக்கும் உக்காரும், அதுல பைக் மாதிரி வால்வ் வச்சது கிடைக்கும். நான் அதை மாட்டிட்டேன். இப்ப வால் டியூப் வெடிக்கிற கதையே இல்ல, பெட்ரோல் பங்க்ல கூட காத்து அடிச்சுக்கலாம், எவ்வளவு இருக்குன்னு மீட்டர்ல பாத்துக்கலாம். எனக்கு பின்னாடி 45 பி.எஸ்.ஐ, முன்னாடி 40 வைக்கிறேன், கல்லு மாதிரி அடிச்சா முதுகு குலுங்கும்.

இன்னொண்ணு, பெடல் மாத்தும்போது நீ பக்கத்துலயே நில்லு. டவுன்ல ஒரு கடையில வேலைக்குப் புதுசா வந்த பையன் என் வலது பெடலை இடது பக்கம் வச்சு ஸ்பேனரால அழுத்தி ஏத்திட்டான், மரை மொத்தமும் போச்சு, இடது பெடலுக்குத் தலைகீழ் மரைன்னு அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. பெடல் மாட்டுற கிராங்க்கையே மாத்த வேண்டியதாச்சு. அந்த கிராங்க்கைப் புடிச்சிருக்குற கோட்டர் பின்னும் அப்படித்தான், அடியில இரும்பு பைப்பால முட்டுக் கொடுக்காம சுத்தியலால அடிச்சா அந்த அடி உள்ள இருக்குற குண்டுக்கும் கப்புக்கும் போகும், அப்புறம் எப்ப மிதிச்சாலும் கரகரங்கும். புதுப் பின்னு போட்டு கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து மறுபடி ஒரு தட்டு தட்டி நட்டை முடுக்கச் சொல்லு. மிதிக்கும்போது ஒவ்வொரு சுத்துக்கும் டக்குனு ஒரு சத்தம் வந்தா பின்னு தேயுதுன்னு அர்த்தம், தள்ளிப் போடாத.

இங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்குத் தையில வளைகாப்பு வச்சிருக்கோம், நீ வந்தே ஆகணும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. என் பழைய ஜென்ட்ஸ் ஃப்ரேமை விக்கலடீ, பார்ல துணி சுத்திக் கட்டின தழும்பு இன்னும் இருக்கு, என் ரெண்டு புள்ளைங்களும் உன் மூத்தவனும் உக்காந்து வந்த இடம். பேரன் பொறக்கட்டும், அதுக்கு வீல் தேடுவேன்.

நீ இப்ப ரெண்டு போட்டோ எடுத்து அனுப்பு. ஒண்ணு, பின் டயர் பக்கத்துல எழுதியிருக்குற நம்பர் தெளிவா தெரியுற மாதிரி. இன்னொண்ணு, ஃப்ரீ வீலைக் கிட்டக்கப் போய், பல்லை எண்ணுற மாதிரி. 18ஆ இருந்தா வளைகாப்புக்கு நீ வரும்போது 22 ஒண்ணும் ரெண்டு கோட்டர் பின்னும் வாங்கி வைக்கிறேன், கையோட எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் சீட்டை மட்டும் அரை இன்ச் ஏத்தி ஓட்டிப் பாரு.

உன்
வசந்தா